வெட்ட இரும்பு, தூக்கத் தலை

மதுரையில் சிவபெருமான் ஒரு நாள் விறகு சுமந்தார் என்று பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் சொல்கிறது. அதற்கென்று 'விறகு விற்ற படலம்' என்று தனிப் படலமே இருக்கிறது. வடக்கேயிருந்து வந்த ஏமநாதன் என்ற பாடகனை விரட்ட, பாணபத்திரனுக்காக, இறைவன் விறகாள் வேடம் கட்டினார். 1965இல் சினிமாவாகவும் வந்து ஊர் ஊராக ஓடியது. சுமையை இறக்கி வைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பாடினார்; பாட்டைக் கேட்ட ஏமநாதன் ராத்திரியோடு ராத்திரியாக ஓடிப்போனான். எல்லாம் சரி. அந்தச் சுமையை அவர் தலையில் ஏற்றிவிட்டது யார்?

கேள்வி குதர்க்கமாகப் படலாம். விறகு சுமந்த குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு அப்படிப் படாது. தலைச்சுமையோடு நடப்பது இரண்டாவது கஷ்டம். முதல் கஷ்டம், அதைத் தரையிலிருந்து தலைக்கு ஏற்றுவது. முப்பது கிலோ விறகை ஒருத்தி தானே தூக்கித் தானே தலையில் வைத்துக்கொண்டால் கழுத்து பிசகும், இடுப்பு பிடித்துக்கொள்ளும். தூக்கிவிட இன்னொரு கை வேண்டும். எங்கள் ஆயா ஏரிக்கரையில் சுமையைக் கட்டி நிமிர்த்தி வைத்துக்கொண்டு, சேரியாள் யாராவது வருகிறார்களா என்று பார்த்தபடி நிற்குமாம். ஊர்ப்பெண்கள் அதே கரையில் போவார்கள், வருவார்கள். 'அவங்க கை குடுக்க மாட்டாங்க, நாமளும் கேக்க மாட்டோம்' என்று சொல்லும். சில நாள் பொழுது சாயும்வரை நின்றதுண்டு. சில நாள் வரப்பு மேட்டில் சுமையைச் சாய்த்து, பள்ளத்தில் குந்தித் தலையைக் கொடுத்து, முழங்காலை ஊன்றி எழுந்திருக்கிறது. அறுபது வயதில் அந்த முழங்கால் போய்விட்டது.

தூக்குகிறவளுக்கும் மரத்துக்கும் நடுவில் என்ன கருவி இருந்தது, என்ன இல்லை, ஏன் இல்லை என்பதைத்தான் நான் இங்கே பேச விரும்புகிறேன்.

தமிழில் மரத்தை வெட்டும் கருவிகளுக்குப் பெயர் நிறைய உண்டு. கோடாலி, கைக்கோடாலி, கொடுவாள், வெட்டுக்கத்தி, இழுப்பு வாள், ஆப்பு, சம்மட்டி. வட்டாரத்துக்கு வட்டாரம் இன்னும் பத்துப் பெயர் கிடைக்கும். வெட்டிய மரத்தைத் தூக்கவும் நகர்த்தவும் என்ன வைத்திருந்தீர்கள் என்று கேட்டால் பேச்சு நின்றுபோகிறது. கயிறு. அடியில் போட்டு உருட்ட உருட்டுக்கட்டை. குழி தோண்டுகிற கடப்பாரையையே நெம்புகோலாகப் போடுவது. வேலிக்காத்தான் வெட்டுகிற ராமநாதபுரம் பக்கத்தில் முள்ளை அமுக்கி இழுக்கக் கவைக்கம்பு. பிறகு சும்மாடு. கிழிந்த சேலையைச் சுருட்டி உச்சந்தலையில் வைப்பதுதான் சும்மாடு. அதைக் கருவி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அது மிகப் பழையது. பெரும்பாணாற்றுப்படையில் மோர் விற்கப் போகும் ஆயர்மகளின் தலையில் சுமட்டின்மேல் பானை இருக்கிறது. அந்தச் சுமடுதான் நம் சும்மாடு. மலையாளத்தில் அதே சொல் சுமையைக் குறிக்கிறது. அங்கே சுமட்டுத் தொழிலாளி என்றால் சங்கம் வைத்து, கொடி பிடித்து, கூலி பேசி, 1978ஆம் ஆண்டின் பெயரால் தனக்கென்று ஒரு சட்டத்தையும் வாங்கிக்கொண்ட ஆள். இங்கே சும்மாடு துணிச்சுருளாகவே நின்றுவிட்டது. புறநானூற்றின் 70ஆம் பாட்டிலும் விறகு கொண்டுபோகிறவர்கள் வருகிறார்கள். எதற்கு? கிள்ளிவளவனின் கொடை, விறகெடுக்கப் போனவனுக்குப் பொன் கிடைத்த மாதிரி எப்போதாவது அடிக்கிற யோகம் அல்ல, நிச்சயமானது என்று கோவூர்கிழார் சொல்வதற்கு. விறகுக்காரனுக்குப் பொன் கிடைக்காது என்பது புலவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

தமிழ்ச் சமூகம் சுமக்கிறவர்கள் வழியில் நட்டு வைத்தது ஒன்று உண்டென்றால் அது சுமைதாங்கிக்கல். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே போட்டிருப்பார்கள். ஏறக்குறையத் தோள் உயரம். வருகிறவர் தலையைச் சாய்த்துச் சுமையைக் கல்மேல் நழுவ விடலாம். மூச்சு வாங்கிவிட்டு மறுபடி தலையைக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். இன்னொரு கை வேண்டாம். நல்ல யோசனைதான், மறுக்கவில்லை. தூக்குகிற கஷ்டம் முழுக்கத் தரைக்கும் தோளுக்கும் இடையில் இருக்கிறது. சுமையைத் தரைக்கே விடாமல் செய்துவிட்டால் பாதிக் கஷ்டம் தீர்ந்தது. இதைக் கண்டுபிடித்தவர் சுமை தெரிந்தவராகத்தான் இருக்க வேண்டும். ஆனால் கல்லை நட்டது எதற்காக? வயிற்றுப்பிள்ளையோடு செத்துப்போன பெண்ணின் நினைவாக. இறக்கி வைக்காமல் போன அவளுடைய சுமை இறங்கவேண்டும் என்பதற்காக. நடந்துபோகிறவளின் இடுப்பு அதில் தற்செயலாகப் பிழைத்துக்கொள்கிறது. கல் நின்றதும் பெருவழியில், சந்தைக்குப் போகிற பாதையில். தோப்பிலிருந்து சேரிக்கும், சேரியிலிருந்து ஊர்த்தெருக் கொல்லைப்புறத்துக்கும் விறகு போகிற ஒற்றையடிப் பாதையில், நான் நடந்து பார்த்த எந்த ஊரிலும் அந்தக் கல் இல்லை.

அந்தப் பாதையில் போனது பெரும்பாலும் கூலியில்லாத விறகு. சோழர் காலக் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்ற சொல் அடிக்கடி வருகிறது. ஊதியமில்லாமல் செய்து தீரவேண்டிய கட்டாய உழைப்பு என்று பொருள். வடமொழி 'விஷ்டி'யிலிருந்து வந்தது என்பார்கள். இன்றைக்கு 'வெட்டியா இருக்கான்' என்றால் வேலை செய்யாமல் இருப்பவன். வாங்கிய உழைப்புக்குக் கூலி கொடுக்காதவன் சும்மா இருந்தான். பெயர் உழைத்தவனுக்கு வந்து சேர்ந்தது. சொற்களின் வரலாற்றை இப்படியும் படிக்கலாம் என்று எம்.ஏ. வகுப்பில் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

சாவு விறகு இந்த வெட்டியின் கடைசிக் கண்ணி. ஊரில் சாவு விழுந்தால் மரத்தை வெட்டுவதும், பிளப்பதும், சுடுகாட்டுக்குச் சுமப்பதும், அடுக்குவதும், எரிந்து முடியும்வரை கோலோடு நிற்பதும் சேரியின் கடமை. ஒரு உடம்பு எரிய முந்நூறு கிலோவை ஒட்டி விறகு வேண்டும். ஐப்பசியில் செத்தால் மரம் ஈரம், கூடவே வேண்டும். 1980களிலும் 90களிலும் பல ஊர்களில் நம் இளைஞர்கள் பறையடிக்க மாட்டோம், பிணம் சுட மாட்டோம் என்று நின்றதை எழுதியிருக்கிறோம். அதோடு சேர்ந்து நின்றுபோன விறகுச் சுமையை யாரும் தனியாகக் கணக்கில் எடுக்கவில்லை. பறைக்குக் குறியீட்டு மதிப்பு இருக்கிறது, பேசலாம். விறகுக்கு என்ன இருக்கிறது!

பாரத்தை நகர்த்துகிற அறிவு இங்கே இல்லை, அதனால்தான் தலையில் சுமந்தார்கள் என்று ஒருவர் சொல்லக்கூடும். இதைவிடப் பொய் கிடையாது. உருளையும் நெம்புகோலும் வடமும் வைத்துப் பெரிய பெரிய கற்களைக் கோபுரத்து உச்சிக்கு ஏற்றிய நாடு இது. தேர்ச்சக்கரம் பதிந்துவிட்டால் பின்னால் நெம்புகோல் போட்டு உந்துகிறார்கள், முன்னால் முட்டுக்கட்டை போட்டுத் திருப்புகிறார்கள். சாமியின் பாரத்துக்கு நெம்புகோல் உண்டு. அடுப்பு விறகுக்கும் பிண விறகுக்கும் அது வந்து சேரவில்லை.

வேறொரு நாட்டில் அது எப்படி வந்து சேர்ந்தது என்பதைப் பார்க்கலாம். வட அமெரிக்காவின் கிழக்கு மூலையில் மெய்ன் என்று ஒரு மாநிலம். அங்கே பெனாப்ஸ்காட் ஆற்றில் காட்டுமரங்களை வெட்டி மிதக்கவிட்டு, ஆட்கள் அவற்றின்மேலேயே நடந்து கீழே ஓட்டிக்கொண்டு போவார்கள். நடுவில் மரங்கள் சிக்கி மலைபோல் குவிந்துவிடும். ஒரு மரத்தைப் புரட்டினால் சிக்கல் அவிழும்; தப்பிப் புரட்டினால் ஆள் உள்ளே போவான். அவர்கள் கையில் ஒரு தடி இருந்தது. நுனியில் தொங்கும் கொக்கி. அது எந்தப் பக்கம் ஆடும் என்று சொல்ல முடியாது. ஸ்டில்வாட்டர் என்ற ஊரில் கொல்லுப்பட்டறை வைத்திருந்த ஜோசப் பீவி, ஆட்கள் அந்தத் தடியோடு படும் பாட்டைப் பார்த்து, 1858 வாக்கில் கொக்கியை ஒரு வளையத்தில் பூட்டி, மேலும் கீழும் மட்டும் அசையும்படி செய்தார். தடியின் நுனியில் ஒரு கூர் இரும்பையும் செருகினார். அதற்கு அவர் பெயரே நின்றுவிட்டது. இன்றைக்கும் பீவி என்றால் அந்தத் தடிதான்.

அது செய்கிற வேலை எளிமையானது. ஓர் அடி விட்டமும் ஆறு அடி நீளமும் உள்ள பச்சை மரம் 130 கிலோவை ஒட்டி இருக்கும். குனிந்து தூக்கினால் அந்த எடை முதுகெலும்பின் அடிக்கட்டில் போய் உட்காரும். பீவியை வைத்தால் குனிய வேண்டாம். கொக்கி பட்டையைக் கவ்வும். நாலைந்து அடிக் காம்பை நின்றபடியே தள்ளினால் மரம் தன் எடையிலேயே புரளும். தூக்குவது என்பதே அங்கே இல்லை, உருட்டுவதுதான். சின்ன மரத்துக்கு இன்னொரு வகை: கோடாலி மாதிரிக் காம்பு, முனையில் வெட்டுவாய்க்குப் பதில் பறவை மூக்குப் போல ஒரு கூர். மரத்தின் தலைப்பில் ஒரு கொத்து, ஓர் இழுப்பு. கை மரத்தைத் தொடவே தேவையில்லை. விறகு அடுக்கில் தேளும் கட்டுவிரியனும் குடியிருக்கிற நம் நாட்டில் இதன் அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மூன்றாவது, இடுக்கி. இரண்டு வளைந்த கை, நடுவில் ஒரு அச்சு. மேலே தூக்கத் தூக்க, மரத்தின் எடையே கையை இறுக்கும். இரண்டு பேர் ஒரு கம்பை ஊடே விட்டுத் தூக்கலாம்.

மெய்ன் காட்டை நான் சொர்க்கமாகக் காட்டவில்லை. அந்த ஆற்றின் பெயரே அங்கிருந்த பழங்குடிகளின் பெயர். அவர்கள் நிலத்தைப் பிடுங்கித்தான் மரம் வெட்டினார்கள். அவர்களும் அந்த வேலைக்குப் போனார்கள். அவர்களுடைய தலைவர் ஜோசப் அட்டியன் 1870இல் மரம் ஓட்டும்போது ஆற்றில் மாண்டார். ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே கருவி செய்கிறவன் கருவி பிடிக்கிறவனைப் பார்த்தான். பக்கத்தில் நின்று பார்த்தான். அவனிடம் கொடுத்து, சரியில்லை என்று சொன்னால் திரும்ப வாங்கிக் காய்ச்சி அடிக்கிற தூரத்தில் இருந்தான். நம் ஊரில் கொல்லன் தெருவும் சேரியும் ஒன்றையொன்று பார்க்காமல் ஆயிரம் வருஷம் இருந்தன. கோடாலி தீட்டக் கொண்டுபோனால் தள்ளி நின்று போட்டுவிட்டு, தள்ளி நின்று எடுத்துக்கொண்டு வரவேண்டும். 'இந்த எடத்துல கொஞ்சம் வளைச்சிக் குடுய்யா' என்று எங்கே சொல்வது? சாதி உழைப்பை மட்டுமல்ல, உழைக்கிறவர்களையும் பிரித்துப் படிக்கட்டாக அடுக்கி வைக்கிறது என்று அம்பேத்கர் 1936இல் வாதிட்டதை நாம் மேடையில் சொல்கிறோம். பட்டறைக்கும் விறகுத் தோப்புக்கும் நடுவில் வைத்துப் பார்த்தால் அது இன்னும் நன்றாக விளங்குகிறது: பிரிந்துபோனது இரண்டு சாதிகள் மட்டுமில்லை, பிறக்க வேண்டிய ஒரு கருவியும் பிறக்காமல் போனது.

அதே 1850கள்தான் நம் பக்கத்தில் விறகைச் சரக்காக்கிய காலம். 1856 ஜூலையில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும் ரயில் ஓடியது. அதே வருஷம் சென்னை மாகாணத்தின் முதல் வனக் காப்பாளராக ஹியூ கிளெக்ஹார்ன் வந்தார். எஞ்சினுக்கு நிலக்கரி கப்பலில் வரவேண்டும், விலை அதிகம். விறகு கையருகே இருந்தது. காட்டு மரம் ரயிலுக்குள் போனது. காடு பத்தாமல் கடற்கரை மணலில் சவுக்கைப் பெரிய அளவில் நட்டார்கள். வடக்கே ஸ்ரீஹரிகோட்டா காட்டு விறகு பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகப் படகில் சென்னைக்கு வந்தது. 1876–78 பஞ்சத்தில் சோற்றுக்காக மண் சுமந்தவர்கள் வெட்டி நீட்டிய கால்வாய் அது. படகை இழுத்தது கரையில் நடந்த மனிதன். படகிலிருந்து விறகுத் தொட்டிக்குச் சுமந்தது மனிதத் தலை. ரயில் வந்தது, கால்வாய் வந்தது, மதகு வந்தது. படகுக்கும் தொட்டிக்கும் நடுவில் இருந்த இருபது முப்பது அடிக்கு மட்டும் எந்தப் பொறியியலும் வரவில்லை.

1882இல் சென்னை வனச் சட்டம் வந்தது. காடு சர்க்காருடையது ஆனது. அதற்குப் பிறகு காட்டு விறகுக்குக் கட்டணம் போட்டபோது தலைச்சுமைக்கு இவ்வளவு, வண்டிச்சுமைக்கு இவ்வளவு என்று போட்டார்கள். ஒரு பெண்ணின் தலை அரசாங்கத்து அளவையாகிவிட்டது, மரக்கால் படி மாதிரி. அளவைக்கு யாராவது வலி கேட்பார்களா?

இனி சவுக்குத் தோப்புக்கு வருகிறேன். செங்கல்பட்டு, விழுப்புரம், கடலூர் பக்கம் இதைப் பார்க்காதவர்கள் இல்லை. ஆண்கள் மரத்தைச் சாய்ப்பார்கள், கிளை கழிப்பார்கள், அளவாகத் துண்டு போடுவார்கள். பெண்களும் பிள்ளைகளும் பட்டை உரிப்பார்கள், மிலாறு கட்டுவார்கள், துண்டுகளை லாரி நிற்கிற இடத்துக்குச் சுமப்பார்கள். லாரியில் ஒரு பலகை சாய்த்திருக்கும். அதில் ஏறி மேலே போட வேண்டும். கூலி டன் கணக்கு. எடைமேடையில் ஏறிய பிறகுதான் காசு. கோடாலியும் கத்தியும் வெட்டுகிறவனே வாங்கிக்கொண்டு வரவேண்டும். மேஸ்திரி கொடுப்பது முன்பணம் மட்டும்.

இந்த ஏற்பாட்டுக்குள் கருவியைத் தேர்ந்தெடுப்பது என்றால் என்ன? கையில் கொஞ்சம் காசு இருந்தால் ஒரு குடும்பம் எதை வாங்கும்? நல்ல கோடாலி வாங்கினால் டன் கூடும். தூக்குகிற கொக்கி வாங்கினால் டன் கூடுவது உடனே தெரியாது, இடுப்பு மிச்சமாகும். இடுப்புக்கு எடைமேடை கிடையாது. அதுவும் அந்த இடுப்பு பெண்ணுடையது. புருஷனும் பெண்சாதியும் ஒரே ஜோடிக்கூலி வாங்கும்போது அவள் உழைப்பு தனியாகக் கணக்கில் வருவதேயில்லை. வராத உழைப்பை மிச்சம் பிடிக்க யார் காசு செலவழிப்பார்கள்? ஆகவே இரும்பு வெட்டுகிற கைக்குப் போனது, சேலைத்துணி தூக்குகிற தலைக்குப் போனது. இதை மேஸ்திரி மட்டும் செய்யவில்லை. நம் வீட்டு ஆண்களும் கோடாலியைத்தான் துடைத்து எண்ணெய் போட்டு வைத்தார்கள். சும்மாட்டுத்துணி கொல்லைப்புறக் கொடியில் கிடந்தது. தலித் வரலாறு எழுதுகிற நாம் இதையும் சேர்த்து எழுதாவிட்டால் பாதி வரலாறுதான் எழுதுகிறோம்.

சட்டங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அவை விறகு வரைக்கும் வந்ததே சுருக்கம்தான். காயம் உண்டாக்கும் அளவு பாரத்தை ஆளைத் தூக்க வைக்கக் கூடாது என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 34ஆம் பிரிவு சொன்னது. சவுக்குத் தோப்பு தொழிற்சாலை அல்ல. 1967இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு சுமை பற்றி ஓர் உடன்படிக்கை போட்டது. வயது வந்த ஆணுக்கே 55 கிலோவுக்கு மேல் போகாமல் குறைக்க வேண்டும் என்று அதோடு ஒரு பரிந்துரையும் செய்தது. அந்த உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. தமிழ்நாட்டில் 1982இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது, பிறகு நலவாரியம் வந்தது, அட்டை வந்தது. செத்தால் காசு உண்டு. சாகாமல் தூக்க ஒரு கொக்கி கிடையாது.

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. 2019 ஜூலையில் காஞ்சிபுரம் மாவட்டத்திலும் அன்றைய வேலூர் மாவட்டத்திலும் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 இருளர் மக்கள் மீட்கப்பட்டார்கள். ஒரு முதியவர் அதிகாரியின் காலில் விழுந்து கும்பிடும் படம் பத்திரிகைகளில் வந்தது, பலருக்கு நினைவிருக்கும். சில ஆயிரம் ரூபாய் முன்பணத்துக்காக வருஷக்கணக்கில் வெட்டிச் சுமந்தவர்கள். முன்பணம் வாங்கியவன் தன் கருவியைத் தேர்ந்தெடுக்க முடியாது, ஏனென்றால் வாங்கினவனுக்கு அவனேதான் கருவி. ஒரு கருவிக்கு இன்னொரு கருவி வாங்கிக் கொடுப்பார்களா?

அதனால்தான் செய்யாறு பக்கத்தில் ஒரு குடியிருப்பில் நான் பார்த்ததை இங்கே எழுதுகிறேன். தோப்புகளிலிருந்து வெளியே வந்த சில குடும்பங்கள், மேஸ்திரி இல்லாமல், நின்ற மரத்தைத் தாங்களே விலை பேசி வெட்டி விற்க ஆரம்பித்திருந்தார்கள். கருவி பற்றி முதன்முதலாக அவர்கள்தான் முடிவெடுக்க வேண்டும். எங்கள் குழுவில் இருந்த தோழர் ஒருவர் பீவியின் படத்தை ஒரு புத்தகத்திலிருந்து எடுத்துக்கொண்டு போய்ப் பட்டறையில் காட்ட, பழைய லாரிப் பட்டையில் கொக்கி அடித்து, கருவேலங்காம்பு போட்டு, ஐந்தடியில் ஒன்று தயாரானது. பெருமையாகக் கொண்டுபோனோம். அங்கிருந்த பெரியம்மா அதைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தார். காம்பு அவரைவிட உயரம்.

'இன்னா தம்பி, இத்த வச்சிக்கினு நானு மரத்த தள்ளறதா, இல்ல இது என்ன தள்ளறதா?'

எல்லோரும் சிரித்தார்கள். பிறகுதான் நிஜமான பேச்சு ஆரம்பித்தது. சவுக்குக்கு இது வேண்டாம் என்றார்கள். சவுக்குத் துண்டு மெலிசு, புரட்ட என்ன இருக்கிறது, இழுக்கத்தான் வேண்டும். புளியமரத்து அடிக்கட்டைக்கும் வேம்புக்கும் இது சரி, ஆனால் காம்பு மூன்றரை அடி போதும். இடுப்பு உயரத்தில் நின்று உடம்பைச் சாய்த்துத் தள்ளுகிற மாதிரி இருக்க வேண்டும், கையைத் தூக்கித் தள்ளுகிற மாதிரி இருந்தால் தோள் போய்விடும். கொக்கியின் வளைவை ஒரு பெண் கையால் காற்றில் வரைந்து காட்டினார்: இன்னும் அகலமாக, மூக்கு இன்னும் உள்ளே. மழையில் நனைந்த பட்டை வழுக்கும், மூக்கு கூராக இல்லாவிட்டால் நழுவித் தடி முகத்தில் அடிக்கும். இடுக்கியையும் கொடுத்துப் பார்த்தோம். பட்டை உரியாத மரத்தில் பட்டையோடு கழன்று வந்துவிட்டது. 'இது வேர்க்கட்டைக்கு மட்டும் வச்சிக்கலாம்' என்று ஒதுக்கினார்கள். மூக்குக் கொக்கிதான் எல்லோருக்கும் பிடித்தது. சின்னது, ஒரு கையில் அடங்கும், அடுக்குக்குள் விரலை விடாமல் இழுக்கலாம். நகம் நசுங்கிப் போன விரல்களை ஒவ்வொருத்தராக நீட்டிக் காட்டினார்கள், கணக்குக் காட்டுகிற மாதிரி.

ஒரு பையன் மட்டும் இதெல்லாம் எதுக்கு, பெரிய தோப்புகளில் கவ்வித் தூக்குகிற எந்திரமே வந்தாச்சே என்றான். அவன் சொன்னது உண்மை. காகித ஆலைக்குப் போகிற சரக்கை இப்போது பல இடங்களில் எந்திரம் ஏற்றுகிறது. எந்திரம் வந்த இடத்தில் பெண்களுக்கு வேலை போனது. தலைச்சுமைக்கும் எந்திரத்துக்கும் நடுவில் ஒரு காலம் வந்திருக்க வேண்டும், தூக்குகிறவள் கையில் நெம்புகோல் இருக்கிற காலம், அவள் வேகத்துக்கு அவள் வேலை செய்கிற காலம். மெய்ன் காட்டில் அது நூறு வருஷம் இருந்தது. இங்கே அது வராமலே, தலையிலிருந்து நேராக எந்திரத்துக்குப் போய்விட்டது.

அந்தப் பெரியம்மா பையனுக்குப் பதில் சொல்லவில்லை. கொக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே, 'இத்தினி வருஷமா இது இருந்துச்சா?' என்று என்னிடம் கேட்டார். நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாக இருக்கிறது என்றேன். 'மேஸ்திரிக்குத் தெரியுமா?' தெரிந்திருக்காது என்றேன். 'தெரிஞ்சாலும் இன்னா, எங்க தலயி சும்மா தானே கெடந்துச்சி' என்றார்.

அடுத்த வாரம் அவர்களில் இரண்டு பெண்கள் பட்டறைக்கு நேரிலேயே போனார்கள். கொல்லர் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாரா என்று கேட்டேன். உட்காரவில்லை, நின்றுகொண்டேதான் சொன்னோம், ஆனால் உலைக்குப் பக்கத்தில் நின்று சொன்னோம் என்றார்கள். முதலில் அடித்ததை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தார்களாம். அவர் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி காய்ச்சி வளைத்தாராம். மூன்றரை அடியில் இரண்டு தடி, மூக்குக் கொக்கி நான்கு. பீவி என்ற பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. கொக்கித்தடி என்கிறார்கள்.